ஒட்டு மேசையில் பார்த்த ஆசை

படத்தை வெட்டினால் சத்தமும் அதோடு போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போகாது. 35 மில்லிமீட்டர் பிரிண்டில் ஒரு காட்சியின் ஒலி அந்தக் காட்சிக்கு நேராகப் பதிந்திருக்காது. ஏறக்குறைய 20 ஃப்ரேம் முன்னால் தள்ளி இருக்கும். புரொஜெக்டரில் படம் விழும் கேட் மேலே, ஒலியைப் படிக்கும் தலை அதற்குக் கீழே என்பதால் இந்த ஏற்பாடு. விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. ஆகவே ஒரு துண்டை எடுத்துவிட்டு இரு முனைகளையும் டேப் போட்டு ஒட்டினால், போன படத்தின் ஒலி கிட்டத்தட்ட ஒரு விநாடி அடுத்த படத்தின்மேல் கேட்கும். தூணில் சாய்ந்து நின்ற பெண்ணை எடுத்தாயிற்று. அவள் விட்ட பெருமூச்சு அடுத்து வரும் பஞ்சாயத்துக் காட்சியில் நாட்டாமையின் முகத்தில் போய் விழும். அரங்கம் சிரிக்கும். இங்கே ஏதோ இருந்தது என்று அந்த வெட்டே ஊருக்குச் சொல்லிவிடும்.

80களின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டுக் கடைவீடு ஒன்றின் மேல்மாடியில், சென்னையிலிருந்து தமிழ்ப் படங்களைத் தருவித்துத் தியேட்டர்களுக்குக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். தேக்கா சந்தை புதுக் கட்டடத்துக்கு மாறிய காலம் அது. மெக்கன்சி ரோட்டு ரெக்ஸ் அப்போது இன்னும் தியேட்டராக இருந்தது, 1983இல் மூடினார்கள். தையல் தெரிந்த பெண், கை நடுங்காது என்று முதலாளி என்னை எடுத்துக்கொண்டார். மேசையின் இரு பக்கமும் ரீல் தாங்கி, நடுவே பால்வெள்ளைக் கண்ணாடி, அடியில் டியூப் லைட். பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, ஃபிலிமின் இரு விளிம்பையும் விரலிடுக்கில் ஓடவிட வேண்டும். கிழிந்த துளை விரலில் தட்டும். கீறல், பழைய ஒட்டு, எண்ணெய்க் கறை எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். அதற்குப் பிறகு வெட்டுப் பட்டியல் வரும்: ரீல் எண், அடி எண், காட்சி. ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், நிமிடத்துக்கு 90 அடி. நாலரை நிமிடப் பாட்டு என்றால் 400 அடிக்குக் கொஞ்சம் மேல்.

ஓடும் படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாத ஒன்று நிற்கும் படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியும். கேமரா யாருடைய கண் என்பது. கவர்ச்சிப் பாட்டு என்று பெயர் வாங்கிய பாட்டுகளை அடியடியாகத் தள்ளிக்கொண்டு போனால் இடுப்பு வரும், தொடை வரும், முதுகு வரும், திரும்ப இடுப்பு வரும். முகம் வருவதற்கு நெடுநேரம் ஆகும். முகம் வந்தாலும் அது யாரையோ பார்த்துச் சிரிக்கிற முகம். அவளுக்கு என்ன வேண்டும் என்று அந்த 400 அடியில் ஓர் அடியும் சொல்லாது. சில படங்களில் மட்டும், அதே மாதிரிப் பாட்டில், கேமரா அவள் கண்ணுக்குப் போய் அங்கேயே நிற்கும். அவள் பார்க்கிறாள். பார்க்கப்படுகிறவன் ஆண். அந்த ஃப்ரேம்கள் வரும்போது என் கை தானாக நின்றுவிடும்.

'மூன்றாம் பிறை' அப்படிப்பட்ட படம். 1982, பாலு மகேந்திரா. சில்க் ஸ்மிதா அதில் வயதான தலைமையாசிரியரின் இளம் மனைவி. கமல்ஹாசனின் பாத்திரம், மனத்தளவில் குழந்தையாகிவிட்ட ஸ்ரீதேவியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையில் வளர்ந்த பெண் ஒருத்தியின் வேட்கை என்று இருப்பது ஸ்மிதாவுடையது மட்டும்தான். படத்தில் அவளுக்கு வரும் பாட்டு அவள் ஏக்கத்திலிருந்து பிறக்கிறது. இளையராஜாவின் இசையில் எஸ். ஜானகி அதை உடம்பால் பாடியிருப்பார். மூச்சு எங்கே நிற்கிறது, எங்கே விடுபடுகிறது என்பதெல்லாம் அங்கே மெட்டின் பகுதி. அந்தப் பாட்டை யாரேனும் எடுத்துவிட்டால் அவள் வெறுமே பல்லிளித்துக்கொண்டு வந்துபோகும் ஒரு பக்கத்துத் தெருப் பெண்ணாகிவிடுவாள். கதாநாயகன் அவளை மறுப்பதற்கும் எடை இருக்காது.

ஸ்மிதாவை 'கவர்ச்சி நடிகை' என்று எழுதி முடித்துவிடுகிறவர்கள் 1981இல் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை'யில் தியாகராஜனின் மனைவியாக அவர் வந்ததை மறந்துவிடுகிறார்கள். 1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்துப் பாத்திரத்தின் பெயரான 'சில்க்' அவர்மேல் ஒட்டிக்கொண்டது. 1996 செப்டம்பர் 23 அன்று, 35 வயதில் இறக்கும்வரை போகவில்லை. அவருடைய படங்கள் பலவற்றை நான் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தவள். கண்ணால் இவ்வளவு துல்லியமாக நடித்தவர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. இறந்த செய்தி வந்த வாரம் தேக்காவில் வீடியோ கடை வைத்திருந்தவர்கள் அவர் படங்களை முன்வரிசையில் எடுத்து வைத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

சிங்கப்பூரில் 1991 வரை வயது வாரியாகப் படங்களைப் பிரிக்கும் வழக்கம் இல்லை. ஒரு படம் எல்லோருக்குமாகப் போகும், வெட்டுகளோடு போகும், அல்லது போகாது. அதனால் பெரியவர்களுக்கான காட்சி என்று ஒன்றை வைத்துக்கொள்ள இடமே இருக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்ட கம்பெனிகள் தணிக்கைக்கு அனுப்பும் முன்பே தாமாகக் கத்தரித்துவிடும். "அம்மா, இந்தப் பாட்ட எடுத்துரு. இழுத்தடிச்சா தீபாவளி போயிரும்." இப்படித்தான் உத்தரவு வரும். எந்தக் காட்சி என்பதை அலுவலகத்தில் நாலு ஆண்கள் நின்று முடிவு செய்வார்கள். நான் மேசையில் உட்கார்ந்திருப்பேன்.

அவர்கள் எதை எடுக்கச் சொன்னார்கள் என்பதைப் பற்றித்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். இடுப்பாட்டம் நாலு அடி, ஆறு அடி குறையும், பாட்டு நிற்கும். மழையில் நனைந்த சேலை கொஞ்சம் குறையும், பாட்டு நிற்கும். ஆனால் ஒரு பெண் தன் ஆசையைத் தானே காட்டுகிற இடம் வந்தால் முழுக்க எடுக்கச் சொல்லிவிடுவார்கள். கணவன் தூங்கும்போது விழித்திருப்பவள், குளித்துவிட்டு வரும் ஆணைப் பார்த்து நிற்பவள், விதவையாக இருந்துகொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்ப்பவள். உடம்பு ஒன்றும் தெரியாத காட்சிகள் அவை. கழுத்துவரை மூடியிருப்பாள். "குடும்பத்தோட பார்க்க முடியாது" என்பார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பெண்ணின் ஆசை சிரிப்பாக வந்தால் தப்பித்துவிடும். 1983இல் வந்த 'முந்தானை முடிச்சு' படத்தில் ஊர்வசியின் பாத்திரம் வாத்தியாரை விரும்புகிறது, பொய் சொல்லி அவரைக் கட்டிக்கொள்கிறது, பிறகு அவர் மனம் மாற முருங்கைக்காய் சமைக்கிறது. பாக்யராஜ் அதைப் படமாக்கிய பிறகு தமிழ் பேசும் ஊர்களிலெல்லாம் முருங்கைக்காய்க்கே வேறு அர்த்தம் வந்துவிட்டது. இங்கே பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகளில் பெண்கள் முருங்கைக்காய் கேட்டால் கடைக்காரப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கதையாகப் பார்த்தால் அது ஒரு மனைவியின் வெளிப்படையான உடல் விருப்பம். எந்தக் கத்தரியும் அதைத் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. அதே விருப்பத்தை ஒரு பெண் சிரிக்காமல், நிதானமாகச் சொல்லியிருந்தால் எங்கள் மேசையைத் தாண்டியிருக்காது.

நான் ஒருமுறைகூட வெட்டாத வகையும் ஒன்று உண்டு. கதாநாயகன் கதாநாயகியின் பின்னால் போவான். பஸ்ஸில் ஏறுவான், கல்லூரி வாசலில் நிற்பான், நண்பர்களோடு சேர்ந்து வழிமறிப்பான், தாவணியைப் பிடித்து இழுப்பான், அதற்கொரு பாட்டு. அவள் முறைப்பாள், அழுவாள், செருப்பைக் காட்டுவாள். மூன்றாவது பாட்டில் அவனைக் காதலிப்பாள். குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் பார்த்தார்கள். அந்தப் பாட்டுகளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் சமூக மன்ற மேடைகளில் ஆடினார்கள். என் பட்டியலில் அவை வந்ததே இல்லை, ஏனென்றால் அவற்றில் யாரும் ஆபாசத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மேசையில் நிறுத்திப் பார்த்தால் அந்தப் பெண்ணின் முகத்தில் இருப்பது பயம். நடிகைகள் அதைச் சரியாகவே நடித்திருந்தார்கள்.

1998 ஜூலையில் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த ஒரு கும்பலின் சீண்டலில் கீழே விழுந்து இறந்தார். அந்த மாத முடிவிலேயே தமிழக அரசு பெண்களைக் கேலி வதை செய்வதைத் தடுக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு அது சட்டமானது. சட்டத்தில் குற்றம் என்று எழுதியதும் எங்கள் ரீல்களில் கதாநாயகன் செய்ததும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. சிங்கப்பூரில் 2014இல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பளிக்கும் சட்டம் வந்தபோது, ஒருவரைத் தொடர்ந்து போவதும் வீட்டு வாசலில் காத்திருப்பதும் இங்கும் தனிக் குற்றமாயின. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டபோதுதான் தமிழ் சினிமா உலகம் படங்களில் வரும் துரத்தலைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் காதில் வாங்கியது. அந்த அக்டோபரிலேயே, மறுக்கும் பெண்ணை வேடம் போட்டுத் தொடர்ந்து சென்று மனம் மாற்றும் கதாநாயகனோடு 'ரெமோ' வந்தது. நன்றாக ஓடியது.

சிங்கப்பூரில் வயதுப் பிரிவு வந்த 1991 விவகாரத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஜூலை 1 அன்று 18 வயதுக்கு மேற்பட்டோருக்கென்று 'ஆர்' பிரிவு திறந்தது. பெரியவர்களுக்கான நல்ல படங்கள் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு, நானும் எதிர்பார்த்தேன். வந்து குவிந்தவை பெரும்பாலும் மலிவான சதைப் படங்கள். குடியிருப்புப் பேட்டைத் தியேட்டர்களிலும் அவற்றின் போஸ்டர்கள் தொங்கின. பெற்றோர் கொதித்தார்கள். செப்டம்பருக்குள் அது 'ஆர்-ஏ' ஆனது: கலைத்தரம் வேண்டும், வயது 21, பேட்டைகளில் திரையிடக் கூடாது. பிறகு டாமி கோ தலைமையிலான தணிக்கை மறுஆய்வுக் குழு 1992இல் பரிந்துரைகள் தந்தது. 1993இல் 'என்சி16', 2004இல் 'எம்18', 'ஆர்21', 2011இல் 'பிஜி13' என்று வயதுப் படிகள் கூடின. சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரின் யாங்சி தியேட்டர் இந்தப் படிகளின் மேல்முனையை வைத்தே பல வருடம் பிழைத்தது, 2016இல்தான் மூடியது. அங்கே டிக்கெட் எடுத்த முதியவர்களை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எதற்காக வந்தோம் என்று தெரிந்தே வந்தார்கள், இருட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

தமிழ்ப் படத்துக்கு இந்தப் படிகளால் வேறொரு கணக்கு வந்தது. ஒரு குடும்பம் என்றால் ஐந்து டிக்கெட், தாத்தா பாட்டி சேர்ந்தால் ஏழு. 'என்சி16' விழுந்தால் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருக்கிற குடும்பம் மொத்தமாக வராது. ஆகவே வயது பிரித்து முழுப் படத்தைக் காட்ட வழி திறந்த பிறகும் கம்பெனிகள் பழைய வழியிலேயே நடந்தன. பிள்ளைகளும் வரக்கூடிய 'பிஜி' தரம் வேண்டும், அதற்கு என்ன எடுக்கணும் என்பதுதான் முதல் கேள்வி. எடுக்கப்பட்டது பழையபடி பெண்ணின் பார்வை. சட்டம் தளர்ந்த அளவு எங்கள் வியாபாரம் தளரவில்லை.

2009இல் ரெக்ஸ் மறுபடி தியேட்டராகத் திறந்த காலத்தில், இன்னொரு தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் கவுண்டரிலும் உட்கார்ந்தேன். லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். கட்டுமானத் தளத்திலிருந்தும் கப்பல் பட்டறையிலிருந்தும் வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள், துவைத்துத் தேய்த்த சட்டையோடு வரிசையில் நிற்பார்கள். மனைவியை இரண்டு வருடமாகப் பார்க்காதவர்கள் இருப்பார்கள். கல்யாணமாகி ஒரு மாதத்தில் புறப்பட்டு வந்தவர்கள் இருப்பார்கள். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் சிங்கப்பூர்ப் பெண்ணை மணக்கவேண்டுமானால் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். அவர்களுடைய ஆசைக்கு இந்த ஊரில் சட்டப்படியும் இடம் குறைவு.

"அக்கா, பாட்டு முழுசா இருக்குமா?" என்று ஒருவர் குனிந்து கேட்டார். போனில் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். பெரிய திரையில் வேண்டும் என்று கேட்டார். பின்னால் நின்ற இங்குள்ள ஒரு குடும்பத்துப் பெண்மணி முகம் சுளித்தார். எனக்கு அந்தக் கேள்வி நேர்மையாகப் பட்டது. "கொஞ்சம் எடுத்திருக்காங்க தம்பி" என்றேன். "பரவால்லக்கா" என்று டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார். இந்தப் பிள்ளைகள் ஆட்டப் பாட்டுக்கு விசில் அடிப்பார்கள், உண்மை. இடைவேளைக்குப் பிறகு கணவன் ஊர் திரும்பும் காட்சி வந்தால் அதே வரிசைகளிலிருந்து ஒரு சத்தமும் வராது. விளக்கு போட்டதும் பலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுவார்கள். ஆசை என்றால் சதை என்று மட்டும் அர்த்தப்படுத்திக்கொண்டவர்கள் அவர்களைப் பார்த்தது ஒரு பாதிதான்.

பாட்டுலகத்திலும் இதே நாடகம் நடந்தது. 2001இல் ஜேனட் ஜாக்சனின் 'ஆல் ஃபார் யூ' இசைத்தட்டு இங்கே தடைபட்டது. காரணம் ஒரு பாட்டில் அவர் தன் காமத்தைத் தானே விரித்துச் சொன்னது. 2016 பிப்ரவரி 28 அன்று மடோனா முதன்முதலாக நேஷனல் ஸ்டேடியத்தில் பாடினார், 18 வயதுக்கு மேற்பட்டோர் மட்டும் என்ற தரத்தோடு. சமயத்தவரிடமிருந்து எதிர்ப்பு வந்தது, நிகழ்ச்சியும் நடந்தது. பெரியவர்கள் டிக்கெட் வாங்கினார்கள், பிடிக்காதவர்கள் வீட்டில் இருந்தார்கள். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே ஊர் வளர்ந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். தமிழில் அதற்குச் சற்று முன், 2015 டிசம்பரில், சிம்புவின் 'பீப் பாட்டு' கசிந்தது. டீக்கடைப் பேச்செல்லாம் ஒலியால் மறைத்த அந்த ஒரு சொல்லைப் பற்றியே இருந்தது. கோவையில் மாதர் சங்கத்தினர் காவல்துறைக்குப் போனார்கள், பாட்டு பெண்களை இழிவுபடுத்துகிறது என்று. அவர்கள் சரியான இடத்தில் கை வைத்தார்கள். சொல்லை மறைத்துவிடலாம். தன்னை வேண்டாம் என்றவளைத் திட்டுகிற குரலை எந்தப் பீப்பால் மறைப்பது?

பிரிண்ட் நின்று ஹார்ட் டிஸ்க் வந்தபோது என் மேசைக்கு வேலை போனது. ஒட்டு இல்லை, கையுறை இல்லை, அடுத்த காட்சியின்மேல் விழுகிற பெருமூச்சு இல்லை. டிஜிட்டலில் வெட்டினால் படமும் ஒலியும் சேர்ந்தே மறைகின்றன, வெட்டியது யாருக்கும் தெரிவதில்லை. அதன்பின் சில வருடம் தரப்படுத்தலுக்கான விண்ணப்பங்களும் கதைச்சுருக்கமும் எழுதினேன். 2017இல் 'லட்சுமி' என்ற குறும்படம் யூடியூபில் வந்தது. கணவனால் கவனிக்கப்படாத ஓர் அச்சகத் தொழிலாளி ஓர் இரவு வேறொருவரோடு இருக்கிறாள். அதற்கு எழுந்த வசவு பெரும் கொலைப் படங்களுக்குக்கூட எழவில்லை. தணிக்கை இல்லாத இடத்தில் பார்வையாளர்களே கத்தரியைக் கையில் எடுத்தார்கள். 2019இல் தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' சமந்தாவின் பாத்திரத்தைப் பழைய காதலனை வீட்டுக்கு வரச்சொல்லும் மனைவியாகவே தொடங்கிவைத்தது. அவளைத் தண்டிக்கவும் இல்லை, சிரிப்பாக்கவும் இல்லை. 2021 டிசம்பரில் 'புஷ்பா'வின் ஆட்டப் பாட்டைத் தமிழில் விவேகா எழுதி ஆண்ட்ரியா பாடினார். ஆந்திராவில் ஆண்கள் சங்கம் ஒன்று வழக்குக்குப் போனது, பாட்டு ஆண்களைக் காமுகர்களாகக் காட்டுகிறது என்று. இத்தனை வருடம் இடுப்பைக் காட்டிய பாட்டுகளுக்கு எந்த ஆண்கள் சங்கமும் போகவில்லை. அந்தப் பாட்டிலும் கேமரா பழைய இடங்களுக்கே போகிறது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் குரல் திரும்பிப் பார்க்கிறது.

இப்போது இங்கே தரத்தோடு ஒரு வரி அறிவுரையும் சேர்த்துப் போடுகிறார்கள்: வன்முறை, பாலியல் காட்சி, கடுமையான மொழி என்று. பெற்றோருக்கு நல்ல உதவி. என் தங்கை மகள் தன் பன்னிரண்டு வயது மகளோடு எந்தப் படத்துக்குப் போகலாம் என்று என்னிடம்தான் கேட்பாள். போன மாதம் ஒரு 'பிஜி13' படத்தைச் சொன்னாள். முத்தம் இல்லை, ரத்தம் இல்லை என்றாள். பாட்டியாகிவிட்டேன், வேண்டாம் என்று சொல்லத் தயக்கமில்லை. அந்தப் படத்தில் கதாநாயகன் முதல் ஒரு மணி நேரமும் அந்தப் பெண்ணை விடாமல் துரத்துகிறான் என்றேன். "அது லவ் பெரியம்மா" என்றாள் தங்கை மகள். பக்கத்தில் இருந்த சின்னவள் போனிலிருந்து தலையைத் தூக்கி, "அந்தக்கா வேணாம்னுதானே சொல்றாங்க?" என்று கேட்டாள். டிரெய்லரை அவளும் பார்த்திருக்கிறாள். தரம் போடுகிறவர்கள் அந்த வரியில் இதையும் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை: 'மறுக்கும் பெண்ணைப் பின்தொடரும் காட்சிகள் உண்டு'. விண்ணப்பங்கள் எழுதிய காலத்தில் ஒரு விநியோகஸ்தரிடம் இதைச் சொன்னேன். பாதிப் படத்துக்குப் போட வேண்டியிருக்குமே அம்மா என்றார். போடட்டும் என்றேன். கதைச்சுருக்கத்தில் அவர் 'நாயகன் காதலுக்காகப் போராடுகிறான்' என்று எழுதச் சொன்ன இடங்களில், 'அவள் மறுத்த பிறகும் தொடர்கிறான்' என்றுதான் நான் எழுதிக் கொடுத்தேன்.